ஜப்பானிய மாந்திரிகத்தை வைத்து ஒரு திகில் நாவல்: சடங்கு விவரங்களில் எங்கே தப்பு வரும்?

சாணித்தாள்ரசிகன் கேட்டது:

128 பக்கம், மாத நாவல் அளவு. களம் 1895-ஆம் வருடத்துக் கியோட்டோ. கணவன் கைவிட்ட பெண் ஒருத்தி நள்ளிரவு 12 மணிக்கு வெள்ளைச் சேலை மாதிரி ஏதோ உடுத்திக்கொண்டு கிஃபுனே கோயிலுக்குப் போய், மரத்தில் வைக்கோல் பொம்மையை வைத்து ஆணி அடிக்கிறாள். பயந்துபோன கணவன் ஒரு ஓன்மியோஜியிடம் (நாள், திசை, குறி பார்க்கும் மாந்திரிகன்) ஓடுகிறான். அந்த ஓன்மியோஜி அரசாங்க மாந்திரிகத் துறையில் பெரிய அதிகாரி. காகித பொம்மைகளை ஷிகிகாமியாக (ஏவல் ஆவியாக) ஏவுகிறவன். அவனுக்கு ஒரு எதிரி. அவன் ஜாடிக்குள் பூச்சிகளை அடைத்துச் செய்யும் கொதோகு, நாயை வைத்துச் செய்யும் இனுகாமி இரண்டையும் அதே தெருவில் செய்கிறான். கடைசி அத்தியாயத்தில் தெங்கு என்ற மலைப்பூதம், நரி, கால் இல்லாத பேய் எல்லாம் வரும்.

விஷயம் தெரிந்தவர்கள் படித்தால் எந்த இடத்தில் சிரிப்பார்கள்? நேரம், பொருள், விதிமுறை, யார் எதைச் செய்வார் என்பதெல்லாம் வேண்டும். "கற்பனைதானே, விடுங்க" என்ற பதில் வேண்டாம்.

---

மூன்றாம்ஜாமம் பதில்:

ஆணி அடிக்கும் காட்சியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நாவலே அதில்தான் நிற்கிறது.

நள்ளிரவு 12 என்பது எலி வேளை. இந்தச் சடங்கின் பெயரே 'உஷி நோ கோக்கு மைரி', அதாவது எருது வேளையில் கோயிலுக்குப் போவது. எருது வேளை தோராயமாக 1 மணி முதல் 3 மணி வரை. அதை நான்காகப் பிரித்தால் மூன்றாவது கால், 2 முதல் 2.30 வரை, 'உஷிமிட்ஸு'. புல்லும் மரமும்கூடத் தூங்கும் வேளை என்று ஜப்பானியர் சொல்வது அதைத்தான். திசைக் கணக்கில் எருதும் புலியும் சேரும் மூலை வடகிழக்கு. அதுதான் 'கிமோன்', பேய்வாசல். ஓனி அரக்கனுக்கு எருதுக் கொம்பும் புலித்தோல் கோவணமும் அதனால்தான் வந்தன என்பார்கள்.

1895 என்று வைத்ததில் உங்களுக்கு ஒரு லாபம் இருக்கிறது. 1873 ஜனவரி 1 முதல்தான் ஜப்பான் புதிய நாள்காட்டிக்கும் 24 மணி நேரக் கணக்குக்கும் மாறியது. அதற்கு முன் எடோ காலத்தில் (1603–1868) இரவை ஆறாகப் பிரிப்பார்கள். கோடையில் ஒரு பங்கு ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவு, குளிர்காலத்தில் இரண்டு மணி நேரத்தைத் தாண்டும். எருது வேளைக்கு எட்டு மணியடி. உங்கள் கதாநாயகிக்கு முப்பது வயது என்றால் அவள் பாட்டி பழைய கணக்கில் சொல்லிக்கொடுத்திருப்பாள், கணவன் சட்டைப்பையில் கடிகாரம் இருக்கும். எந்த 2 மணி சரி? ஒரு இரவு தவறிப்போக இது போதும்.

பொருட்கள்: வெள்ளைக் கிமோனோ, அவிழ்த்துவிட்ட கூந்தல், உயரமான மரச்செருப்பு, மார்பில் தொங்கும் வட்டக் கண்ணாடி. தலையில் இரும்பு முக்காலி. கரி அடுப்பில் கெண்டி வைக்க உதவும் சாதாரண வீட்டுச் சாமான் அது. கால்கள் மேலே பார்க்கும்படி கவிழ்த்துத் தலையில் வைத்து, மூன்று காலிலும் மூன்று மெழுகுவத்தி. கடையில் விற்கும் பாரஃபின் மெழுகுவத்தி என்று எழுதாதீர்கள். ஜப்பானிய மெழுகுவத்தி 'ஹாஸே' மரத்தின் காய் மெழுகில் செய்வது. காகிதத்தைச் சுற்றி நாணல் தண்டின் உட்சோற்றைச் சுருட்டிய தடித்த திரி. சுடர் பெரிது, காற்றில் சட்டென்று அணையாது, ஒழுகுவதும் குறைவு. ஆனால் கரிந்த திரியை அவ்வப்போது கத்தரிக்க வேண்டும். தலைக்கு மேல் எரிவதை யார் கத்தரிப்பார்? சுடர் நீண்டு புகையும், கூந்தல் கருகும் வாடை வரும். இதை யாரும் எழுதுவதில்லை, நீங்கள் எழுதுங்கள்.

ஆணி 'கோஸுன் குகி', ஐந்து ஸுன் நீளம், ஏறக்குறைய 15 சென்டிமீட்டர். வைக்கோல் பொம்மைக்குள் அவனுடைய முடியோ நகமோ, பெயர் எழுதிய காகிதமோ இருக்க வேண்டும். அடிப்பது கோயிலின் புனித மரத்தில். வைக்கோல் கயிறு கட்டியிருக்குமே, அந்த மரம். ஒரே இரவில் முடிகிற வேலை இல்லை. ஏழு இரவு. ஏழாவது இரவில் திரும்பும் வழியில் ஒரு கறுப்பு எருது படுத்திருக்கும். பயப்படாமல் அதைத் தாண்டிப் போனால் வேண்டியது பலிக்கும், பயந்தால் எல்லாம் வீண். தொரியாமா ஸெகியென் 1779-இல் அச்சிட்ட பூதப் படத்தொகுப்பில் இந்தப் பெண்ணையும் பக்கத்தில் எருதையும் வரைந்திருக்கிறார்.

எல்லாவற்றுக்கும் மேல் ஒரு விதி: யார் கண்ணிலும் படக் கூடாது. பட்டால் சாபம் செய்தவள் மேலேயே திரும்பும். தப்ப ஒரே வழி, பார்த்தவனைக் கொல்வது. பேய் ஒன்றும் வராமலே உங்களுக்கு ஒரு கொலை கிடைத்துவிட்டது.

இனி வழி. நகரத்திலிருந்து கிஃபுனே பத்து கிலோமீட்டருக்கு மேல், வடக்கே மலைப் பள்ளத்தாக்கில். மலை ரயில் 1920-களின் கடைசியில்தான் வந்தது. கியோட்டோவில் மின்சார டிராம் ஓட ஆரம்பித்ததே 1895-இல். அது அந்தப் பக்கம் போகாது. ஆக, அவள் இரவு பத்து மணிக்காவது நடக்க ஆரம்பிக்க வேண்டும், விடிவதற்குள் வீட்டில் இருக்க வேண்டும், மறுநாள் ஒன்றும் நடக்காதது போலச் சமைக்க வேண்டும். ஏழு நாள். நான்காவது நாளில் அவள் கால் எப்படி இருக்கும் என்பதே ஒரு அத்தியாயம். பழைய 'நோ' முகமூடி நாடகமான 'கனவா'விலும் இந்த நடை வருகிறது: மிதொரோ குளம், இச்சிஹாரா வெளி, குராமா ஆறு. காட்சியை முன்பக்கக் கோயிலில் வைக்காமல் சுமார் 700 மீட்டர் தள்ளியிருக்கும் 'ஒகுமியா' என்ற உட்கோயிலில் வையுங்கள். பக்கத்தில் ஓடை இரைவதால் சுத்தியல் சத்தமும் ஓரளவு அமுங்கும்.

இன்னொன்று. அந்த நாடகத்தில் அவள் பொம்மையில் ஆணி அடிப்பதே இல்லை. பொம்மை செய்பவர் அந்தக் காலத்துப் பெயர்பெற்ற ஓன்மியோஜி அபே நோ ஸெய்மெய். கணவனுக்கும் புது மனைவிக்கும் பதிலாக ஆளுயரத்தில் வைத்து, வருகிற கோபத்தை அதன் மேல் வாங்குகிறார். முக்காலியும் ஆணியும் ஒன்றாகச் சேர்ந்தது எடோ காலத்தில்தான். ஆணி அடித்த பொம்மை தனியாக அதைவிடப் பழையது. நாராவின் ஹெய்ஜோ அரண்மனைக் கிணற்றில் கண்ணிலும் மார்பிலும் ஆணி ஏறிய 8-ஆம் நூற்றாண்டு மரப்பாவை கிடைத்திருக்கிறது.

---

பஞ்சாங்கம் பதில்:

உங்கள் அதிகாரி 1895-இல் இருக்க முடியாது. ஓன்மியோரியோ என்ற துறையை 1870-இலேயே கலைத்துவிட்டார்கள்.

அது மாந்திரிகத் துறை என்பதும் பாதிதான் சரி. அங்கே நாள்காட்டி, வானியல், நீர்க்கடிகாரம், குறி பார்த்தல் என்று தனித்தனிப் பிரிவுகள் இருந்தன. ஸெய்மெய் (921–1005) வானியல் பிரிவின் ஆசானாக இருந்தவர். கிரகணம் வந்தால் குறிப்பெழுதி முத்திரையிட்டு அரண்மனைக்கு அனுப்புகிற ஆள். அன்றாட வேலை என்றால் இன்று வெளியே வராதே, இந்தத் திசையில் போகாதே என்று நாள் குறித்துக் கொடுப்பது. போகக் கூடாத திசையில் போயே தீர வேண்டுமென்றால் முதல் நாள் இரவு வேறு திசையில் யார் வீட்டிலாவது தங்கி, மறுநாள் அங்கிருந்து கிளம்பினால் திசை மாறிவிடும். இதற்கு 'கதாதகாயே' என்று பெயர். நம்மூர் வாரசூலை பார்த்து வளர்ந்த வாசகருக்கு விளக்கவே வேண்டாம். கணவனை ஓர் இரவு வீட்டை விட்டு நகர்த்த இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது.

1895-ஐ மாற்றாதீர்கள், அதிகாரியை மாற்றுங்கள். 1870-இல் துறை போயிற்று, 1872-இல் மலைத்துறவிகளின் ஷுகெந்தோ நெறியைத் தடை செய்தார்கள், 1873-இல் அருள்வாக்குச் சொல்லும் பெண்களையும். உங்கள் ஓன்மியோஜி வேலை போன அதிகாரியின் மகன். அப்பாவின் ஓலைப்பெட்டி இருக்கிறது, வீட்டில் அரிசி இல்லை. காசு வாங்கிக்கொண்டு செய்கிறவன் எதையும் செய்வான்.

ஷிகிகாமி: காகித பொம்மை பறந்து வந்து கழுத்தை அறுப்பது பிற்காலச் சரக்கு. பழைய கதைத்தொகுப்புகளில் அது கண்ணுக்குத் தெரியாத வேலையாள். ஸெய்மெய் வீட்டில் ஆளே இல்லாமல் கதவுப்பலகை ஏறும், இறங்கும். உன்னால் ஒரு தவளையைக் கொல்ல முடியுமா என்று கேட்டவர்களுக்கு, ஒரு புல்லைக் கிள்ளி ஏதோ முணுமுணுத்து எறிந்தார். புல் பட்ட தவளை நசுங்கிச் செத்தது. அவ்வளவுதான். காகிதம் வருகிற இடமும் உண்டு, ஆனால் கொல்ல இல்லை, ஆளைத் தேட. மிச்சினாகா பிரபு கோயிலுக்குள் நுழையப் போகும்போது அவருடைய வெள்ளை நாய் வழிமறிக்கிறது. தோண்டிப் பார்த்தால் இரண்டு மண் தட்டுகளை வாயோடு வாய் வைத்து மஞ்சள் காகிதத் திரியால் குறுக்கே கட்டிய பொட்டலம். திறந்தால் உள்ளே ஒன்றுமில்லை, தட்டின் அடியில் சிவப்பு மையில் ஒரே ஓர் எழுத்து. ஸெய்மெய் காகிதத்தை மடித்து வெள்ளைக் கொக்காக்கிப் பறக்கவிட, அது போய் விழுந்த வீட்டில் தோமா என்ற சாமியார் பிடிபடுகிறான். நம் 'வைப்பு' அப்படியே. மண்டை ஓடு, ரத்தம் என்று அடுக்குவதைவிட அந்த வெறும் தட்டு பயங்கரம். (அந்தக் கோயில் கட்டியதே ஸெய்மெய் செத்துப் பதினைந்து வருடம் கழித்து. பழைய கதைசொல்லிகளும் நம்மை மாதிரிதான்.)

ஏவியது தடுக்கப்பட்டால் ஏவினவனிடமே திரும்பும். இரவு முழுக்க ஸெய்மெய் ஓர் இளம் அதிகாரியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மந்திரம் சொல்லிக் காக்க, விடிந்ததும் ஏவிய ஆள் செத்துவிடுகிற கதையும் இருக்கிறது. ஒருவரைச் சபித்தால் இரண்டு குழி என்று ஜப்பானியப் பழமொழி.

தாயத்துக் காகிதத்தில் கடைசி வரி என்ன எழுதுவது என்று திணற வேண்டாம்: 'க்யூ க்யூ ந்யோ ரிட்ஸு ரியோ'. பழைய சீன அரசாங்க உத்தரவுகளின் முடிவுரை, 'சட்டப்படி உடனே செய்க' என்று பொருள். பேய்க்கும் தாசில்தார் கையெழுத்துதான்.

---

சாணித்தாள்ரசிகன்:

வேலை போன அதிகாரியின் மகன், எடுத்துக்கொண்டேன். ஆனால் காகித பொம்மையை விட மனசு வரலை. அப்புறம் கொதோகு, இனுகாமி, மந்திரம் பற்றி யாராவது?

---

மூங்கில்குழல் பதில்:

அண்ணே, கொதோகுவும் இனுகாமியும் ஒரே தெருவுல வராது. வேற வேற ஊர்ச் சரக்கு.

கொதோகு சீனாவுலேர்ந்து வந்தது. பாம்பு, பூரான், தவளை மாதிரி விஷ ஜந்துக்களை ஒரே ஜாடியில அடைச்சு மூடிடணும். ஒண்ணை ஒண்ணு தின்னு கடைசியா மிஞ்சுறதுதான் ஆயுதம். 8-ஆம் நூற்றாண்டுச் சட்டத்துலயே இதைப் பேர் சொல்லித் தடை பண்ணியிருக்காங்க. அதனால தலைநகர்ல, அரண்மனைக்காரங்க நடுவுல நடக்கிற சதின்னா கொதோகு பொருந்தும். பலபேர் எழுதுறப்போ எந்த ஜந்து மிஞ்சும்னு முன்னாடியே சொல்லிடுறாங்க. சொல்லாதீங்க, ஜாடியை மூடியபடியே வெச்சிருங்க. சத்தம் குறையுறதை மட்டும் எழுதுங்க.

இனுகாமி ஷிகோகு தீவுப் பக்கம். நாயைக் கழுத்து வரைக்கும் புதைச்சு, எட்டாத தூரத்துல சோறு வெச்சு, பசியோட உச்சத்துல தலையை வெட்டுறது. அந்தத் தலையை நாலு பேர் மிதிக்கிற நாற்சந்தியில புதைக்கிறதாவும் சொல்வாங்க. ஒருத்தன் ஒருதரம் செய்யுற ஏவல் இல்ல இது. அந்தக் குடும்பத்தோட ஒட்டிக்கும், பொண்ணு கட்டிக் குடுத்தா அவகூடப் புகுந்த வீட்டுக்கும் போகும். அதனால 'அந்த வீட்டுல சம்பந்தம் வேண்டாம்'னு நிஜமாவே கல்யாணங்களை நிறுத்தியிருக்காங்க, ஊரைவிட்டு ஒதுக்கியிருக்காங்க. இது பேய்க்கதையைத் தாண்டின விஷயம். உண்மையான கிராமத்தோட பேரையோ குடும்பப் பேரையோ போடாதீங்க. எதிரியோட அம்மா ஷிகோகுலேர்ந்து வாழ்க்கைப்பட்டு வந்தவன்னு ஒரு வரி போட்டா நாய் கியோட்டோவுக்கு வந்துடும், லாஜிக்கும் இடிக்காது.

நரி வேணும்னா 'குதா-கிட்ஸுனே'. மூங்கில் குழாய்க்குள்ள அடங்குற நரி, மத்திய மலைநாட்டுப் பக்கம், நாகானோ மாதிரி. எஜமானுக்காகப் பக்கத்து வீட்டுச் சொத்தைக் கடத்திட்டு வரும். ஆனா பெருகிப் பெருகி 75 ஆகிடும், சோறு போட்டு மாளாது, கடைசியில வெச்சவன் வீடே ஓட்டாண்டி. வில்லனுக்குத் தண்டனையை நீங்க தனியா யோசிக்கவே வேண்டாம். ஷிகோகுல இந்த நரியை விட்டுராதீங்க, அங்க நரியே கிடையாதுன்னுதான் ஐதீகம். தனுகின்னு ஒரு நாய் ஜாதி மிருகம், அதுதான் அங்க ராஜா.

தெங்குவைக் கடைசி அத்தியாயத்துலேர்ந்து எடுத்துடுங்க. அதை ரத்தம் குடிக்கிற பூதமா ஆக்கிடாதீங்க. ஜப்பான்ல அது மலைத்துறவி வேஷம் போட்ட அகங்காரம். கர்வம் பிடிச்ச சாமியார் செத்தா தெங்கு. கிஃபுனேக்குப் பக்கத்து மலையான குராமாதான் அதோட தலைமையகம், அதனால வழியில ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டாப் போதும்.

---

ஒன்பதெழுத்து பதில்:

காகித பொம்மை விஷயத்தில் பஞ்சாங்கம் சொல்வது சரித்திரத்துக்குச் சரி, சாணித்தாளில் அச்சாகும் மலிவு நாவலுக்குச் சரியில்லை. இந்த வகை நாவல் ஜப்பானிலேயே கலப்படத்தில்தான் வளர்ந்தது. எடோ காலத்தின் 'கோகான்' படக்கதைப் புத்தகங்கள், பக்கம் முழுக்கப் படம், இடுக்கில் எளிய எழுத்தில் கதை. தவளை மந்திரக்காரனையும் பாம்பு மந்திரக்காரனையும் மோதவிட்ட ஜிராய்யா கதை 1839 முதல் 1868 வரை, எழுதுகிற ஆள் மாறி மாறித் தொடராக வந்தது. 1980-களில் ரயிலில் படிக்கும் சின்ன அளவுப் பதிப்புகளில் மறுபடி வெள்ளம். 1985-இல் தொடங்கிய 'தெய்த்தோ மொனொகதாரி'யில் ராணுவச் சீருடை போட்ட ஓன்மியோஜி ஷிகிகாமி, கொதோகு எல்லாம் கலந்து அடிக்கிறான்; தோக்கியோவை அழிக்க 940-இல் தலை போன தாயிரா நோ மசகாதோவின் ஆவியை எழுப்பப் பார்க்கிறான். வாசகர் ஒப்புக்கொண்டார்கள், ஏனென்றால் அத்தனை வித்தையும் ஒரே ஆளின் ஒரே வெறிக்கு வேலை செய்தது. உங்கள் வரைவில் வித்தைக்கு ஓர் ஆள் இருக்கிறான், அதுதான் கோளாறு.

மந்திரம். ஓன்மியோஜி வாயில் புத்த மந்திரம் போட்டால் கொஞ்சம் இடிக்கும். மலைத்துறவி வாயில் கச்சிதம். அவர்களுடைய மந்திரங்கள் சீனம் வழியாகப் போன சமஸ்கிருதம். முடிவில் வரும் 'ஸோவாகா' நம் 'ஸ்வாஹா'தான். ஃபுதோ மியோஓ என்பவர் அசலர் என்ற பௌத்த தெய்வம். எம்மா என்பவர் எமன். நரி மேல் வரும் தாகினிதென் நம் டாகினி. மந்திரத்தை அப்படியே அடிக்காமல், கேட்பவன் காதில் பாதி புரிகிற மாதிரி எழுதினால் தமிழில் தனி ருசி வரும்.

விரலால் காற்றில் வெட்டும் ஒன்பது எழுத்து: ரின், ப்யோ, தோ, ஷா, காய், ஜின், ரெட்ஸு, ஸாய், ஸென். கிடையாக ஒன்று, நெடுக்காக ஒன்று என்று மாற்றி மாற்றி. கிடையில் ஆரம்பித்துக் கிடையில் முடியும், ஆக ஐந்து கிடை, நான்கு நெடுக்கு. பலர் நெடுக்கில் ஆரம்பித்துவிடுகிறார்கள். இந்தக் கட்டக்குறிக்கு 'தோமன்' என்று பெயர், ஐமுனை நட்சத்திரத்துக்கு 'ஸெய்மன்'. ஸெய்மெய், அவர் எதிரி தோமா (தோமன் என்றும் சொல்வார்கள்), இரண்டு பேர் பெயரும் அதில் ஒட்டிக்கொண்டதாகச் சொல்வார்கள். ஷிமா கடற்கரையில் மூச்சடக்கிச் சிப்பி எடுக்கும் பெண்கள் இரண்டையும் தலைத்துணியில் தைத்துக்கொள்வார்கள். நட்சத்திரத்தைக் கையெடுக்காமல் வரைந்தால் தொடங்கிய இடத்துக்கே கோடு வந்துசேரும், அது மாதிரி முக்குளித்தவளும் மேலே வர வேண்டும் என்று. எதிரிகள் இரண்டு பேரும் ஒரே துணியில்.

---

சாணித்தாள்ரசிகன்:

சரி, எதிரியைத் தூக்கிவிட்டேன். ஜாடியும் நாயும் அந்த அதிகாரி மகனிடமே, அம்மா ஷிகோகு. கடைசிக் கேள்வி: அந்தப் பெண் ஏழாவது இரவில் செத்துப் பேயாகத் திரும்பினால் அவளை என்னவென்று சொல்வது? அட்டைப்படம் வரைகிறவர் இப்போதே கால் இல்லாமல் வரைந்து அனுப்பிவிட்டார்.

---

மூன்றாம்ஜாமம் பதில்:

மனிதர் செத்து வருவது யூரெய். அதில் பழிவாங்க வருவது ஒன்ரியோ. யோகாய் என்பது பொதுவான பூதக் கூட்டம், அதில் இவளைச் சேர்க்க வேண்டாம். நாட்டார் வழக்கு ஆய்வாளர் யனாகிதா குனியோ ஒரு கணக்குச் சொன்னார்: பூதம் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், யூரெய் ஆளைத் தேடி வரும், பூதத்துக்கு அந்தி, யூரெய்க்கு உஷிமிட்ஸு. கிணற்றை விட்டு வராத யூரெய் மாதிரி விலக்குகள் உண்டு, ஆனால் உங்கள் கதைக்கு இந்தக் கணக்கு அளவெடுத்துத் தைத்தது. உயிரோடு 2 மணிக்கு மலைக்குப் போனவள், செத்தபின் அதே 2 மணிக்கு வீட்டுக்கு வருகிறாள்.

ஒன்ரியோவை அடிப்பதோ எரிப்பதோ வழக்கமில்லை. பதவி கொடுத்து, கோயில் கட்டிச் சமாதானம் செய்வார்கள். 903-இல் நாடுகடத்தலில் செத்த அமைச்சர் மிச்சிஸானேவுக்கு, 930-இல் அரண்மனையில் இடி விழுந்தபின் அப்படித்தான் செய்தார்கள். இன்று அவர் மாணவர்கள் பரீட்சைக்கு வேண்டிக்கொள்ளும் சாமி. 1164-இல் ஷிகோகுவின் ஸனுகியில் செத்த ஸுதோக்கு சக்கரவர்த்தியின் ஆவியைக் கியோட்டோவுக்கு மரியாதையாக அழைத்து வந்தது எந்த வருடம் தெரியுமா? 1868. டிராமும் கடிகாரமும் கொண்டுவந்த அதே மெய்ஜி அரசு. உங்கள் கணவன் கத்தியோடு நிற்க வேண்டாம், கையில் சின்னக் கோயில் மாடத்தோடு நிற்கட்டும். கட்டத் தச்சன் கிடைக்கிறானா என்பது சஸ்பென்ஸ்.

ஓவியரிடம் சொல்ல வேண்டியது. கால் இல்லாத பேய் 18-ஆம் நூற்றாண்டு ஓவியர் மருயாமா ஓக்கியோவால் பரவியது என்பார்கள். யூரெய்க்கு அது சரி. ஆனால் அட்டையில் அவள் தலையில் முக்காலி இருக்கிறதென்றால் அவள் இன்னும் உயிரோடு இருக்கிறாள்: கால் வேண்டும், மரச்செருப்பு வேண்டும், நெற்றியில் முக்கோணத் துணி கூடாது, அது பிணத்துக்குக் கட்டுவது. கிமோனோவில் அணிந்தவரின் இடப்பக்கத் துணி மேலே வர வேண்டும். பிணத்துக்கு மட்டும்தான் வலப்பக்கம் மேலே.

---

பஞ்சாங்கம்:

உள்ளே ஏழு இரவுக்கும் ஏழு கோட்டோவியம் போடுவதாக இருந்தால், ஆறு வரை இடப்பக்கம் மேலே. ஏழாவதில் மட்டும் மாற்றி வரையச் சொல்லுங்கள், கீழே ஒன்றும் எழுதாமல்.